அட்டன்பரோ... ஒரு ஊர், ஒரு தாத்தா, ஒரு பேர்!

'காந்தி' படம் பார்த்திருப்பீங்க. அக்டோபர் 2 வந்தாலே ஏதாவது ஒரு சேனலில் ஓடும். எட்டு ஆஸ்கர் அள்ளிய அந்த 1982-ம் வருஷத்துப் படத்தின் டைரக்டர், ரிச்சர்ட் அட்டன்பரோ. 'ஜுராசிக் பார்க்'கில் வெள்ளைத் தாடி, கையில் தடியோடு, கொசு குடித்த ரத்தத்திலிருந்து டைனோசர் தயார் பண்ணுவாரே ஒரு தாத்தா... சாட்சாத் அவரேதான்! அப்புறம், கொரில்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அது தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது என்பது மாதிரி கிசுகிசு குரலில் பேசுவாரே டேவிட் அட்டன்பரோ... அவர் இவருடைய கூடப்பிறந்த தம்பி.

இந்த ரெண்டு பேரைத் தவிர வேற யாராவது அட்டன்பரோவை உங்களுக்குத் தெரியுமா? யோசிங்க. ஸ்மித்னு சொன்னா கிரிக்கெட்டில் மட்டுமே ஒரு டீம் போடலாம். ஜோன்ஸ், டெய்லர், பிரவுன் எல்லாம் தெருவுக்குத் தெரு இருப்பாங்க. அட்டன்பரோ அப்படி இல்லை பாஸ். பிரிட்டனிலேயே அரிய ரகம். இந்த ஒரு பேரைப் பிடித்து இழுத்தால், ஆயிரம் வருஷத்துப் பழைய கிராமம், எம்-4 பேப்பரில் வரும் ஒரு கணக்கு, ஒரு ராஜாவின் எலும்புக்கூடு, கொஞ்சம் கொலைக்கேஸ் வரை வந்து விழுகிறது.

ஊர் எங்கே இருக்கு?

இங்கிலாந்தின் நடுவில், ராபின்ஹுட் கதையால் நமக்குத் தெரிந்த நாட்டிங்காம் நகரம். அதிலிருந்து தென்மேற்கே ஏழெட்டு கிலோமீட்டர் போனால் டிரென்ட் ஆற்றங்கரையில் ஒரு கிராமம். பேர்... அட்டன்பரோ! ஒரு பழைய சர்ச், ஒரு குட்டி ரயில்வே ஸ்டேஷன், சுற்றிலும் தண்ணீர். அந்தத் தண்ணீர் எல்லாம் இயற்கையான ஏரி இல்லை. 1929-லிருந்து கட்டட வேலைக்கு ஜல்லி தோண்டி எடுத்த குழிகள். குழியில் தண்ணீர் நின்றது, பறவைகள் வந்தன. 1966-ல் அதைப் பறவைகள் சரணாலயமாகத் திறந்து வைக்க ஆள் தேடினால், வேற யாரைக் கூப்பிடுவாங்க? டேவிட் அட்டன்பரோதான்! 2005-ல் அங்கே பார்வையாளர் மையம் கட்டியபோது மறுபடியும் அவரே போய் ரிப்பன் வெட்டினார்.

ஊர் பேரின் பின்பாதி 'பரோ'. பழைய ஆங்கிலத்தில் 'பர்ஹ்' என்றால் மதில் கட்டிக் காத்த இடம், கோட்டை மாதிரி. பீட்டர்பரோ, ஸ்கார்பரோ எல்லாம் அதே குடும்பம்தான். நம்ம ஊரில் செங்கோட்டை, புதுக்கோட்டை, பட்டுக்கோட்டைன்னு வரிசையா இருக்கே, அந்த மாதிரி. முன்பாதி ஒரு ஆளின் பேர் என்கிறார்கள் ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்காரர்கள். ஆடா என்றோ, ஏட்டி என்றோ யாரோ ஒருத்தன். என்ன செய்தான், எப்படி இருந்தான்னு ஒரு வரி கிடையாது. ஆனா அவன் பேர் ஆஸ்கர் மேடை வரை போயிருக்கு!

சைக்கிள் கேப்பில் இன்னொரு தகவல். இங்கிலாந்து ராஜா முதலாம் சார்லஸின் தலையை 1649-ல் வெட்டினார்களே, அந்த மரண உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தர் ஹென்றி அயர்ட்டன். கிராம்வெல்லின் மாப்பிள்ளை. அவர் பிறந்ததும் இதே குட்டி கிராமத்தில்தான்.

ஹாஸ்டல் தியரி!

ஊர்ப்பேர் எப்படி ஆளுக்குப் பேராச்சு? இதுக்கு ஹிஸ்டரி புரொஃபசர் வேண்டாம், உங்க ஹாஸ்டலே போதும். ரூம் நம்பர் 14-ல் ஒருத்தனை எல்லாரும் 'தேனி'ன்னு கூப்பிடுவாங்க. பக்கத்து ரூமில் 'அரக்கோணம்'. நிஜப் பேர் வார்டனுக்கு மட்டும்தான் தெரியும். இதே பையன் லீவுக்குத் தேனிக்குப் போனா யாராவது அவனை 'தேனி'ன்னு கூப்பிடுவாங்களா? சான்ஸே இல்லை. அங்கே இருக்கிற எல்லாருமே தேனிதானே!

இங்கிலாந்திலும் இதேதான் நடந்தது. அட்டன்பரோ கிராமத்துக்குள்ளேயே இருந்தவனுக்கு அட்டன்பரோன்னு பேர் வந்திருக்காது. ஊரை விட்டுக் கிளம்பி, பக்கத்து ஊரில் போய் பிழைத்தவனைத்தான் 'அட்டன்பரோக்காரன்'னு கூப்பிட்டிருப்பாங்க. 1066-ல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, முதலில் பெரிய நிலக்காரர்கள்தான் குடும்பப் பேர் வைக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும். 1400 வாக்கில் இங்கிலாந்தில் பெரும்பாலானவர்களுக்கு அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும் பேர் நிலைத்துவிட்டது. வரி வசூலிக்கிறவனுக்கு 'ஜான்'னு மட்டும் எழுதினா போதாதே, ஊருக்கு நாப்பது ஜான்!

தொழிலை வைத்து ஸ்மித், பேக்கர், டெய்லர். அப்பாவை வைத்து ஜான்சன். ஆளின் லட்சணத்தை வைத்து ஆர்ம்ஸ்ட்ராங். ஊரை வைத்து நம்ம அட்டன்பரோ. இதில் ஒரு முக்கியமான வித்தியாசத்தைக் கவனிங்க. கொல்லன் எல்லா ஊரிலும் இருந்தான். அதனால் ஸ்மித் என்ற பேர் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியாக முளைத்தது. இன்றைக்குப் பிரிட்டனில் ஸ்மித்கள் மட்டும் அஞ்சு லட்சத்துக்கும் மேலே. ஆனா அட்டன்பரோ என்ற ஊர் ஒண்ணே ஒண்ணு. அங்கிருந்து கிளம்பி அந்தப் பேரை வாங்கினவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

1881-ம் வருஷ சென்சஸை வைத்து வரைந்த மேப்பைப் பார்த்தால், இந்தப் பேர் நாட்டிங்காம்ஷயரிலும் ஒட்டியிருக்கிற டெர்பிஷயரிலும்தான் குவிந்து கிடக்கிறது. அதாவது ரயில் வந்து, தொழிற்புரட்சி வந்து, பாதி நாடு லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் மூட்டை கட்டின பிறகும், ஒரு குடும்பப் பேர் தான் பிறந்த ஊரைச் சுற்றியே மையம் கொண்டிருக்கு. ரிச்சர்ட், டேவிட் ரெண்டு பேருக்கும் அப்பா ஃபிரெடரிக் அட்டன்பரோ. அவர் 1887-ல் பிறந்த ஸ்டேபிள்ஃபோர்டு, அட்டன்பரோ கிராமத்திலிருந்து நாலஞ்சு கிலோமீட்டர்தான்! லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் புவியியல் துறை ஆட்கள், 1881 சென்சஸையும் 1998 வாக்காளர் பட்டியலையும் அடுத்தடுத்து வைத்து ஆயிரக்கணக்கான பேர்களுக்கு இப்படி மேப் போட்டார்கள். அரிய பேர்கள் பல, ஒரு நூற்றாண்டு கழித்தும் அதே இடத்தில்தான் அடர்த்தி.

எம்-4 படிச்சவங்க கையைத் தூக்குங்க!

சரி, ஏன் சில பேர்கள் அரிதாகவே இருக்கின்றன? சில பேர்கள் ஏன் காணாமலே போகின்றன? இந்தக் கேள்வியைக் கேட்டவர் பிரான்சிஸ் கால்டன். 1873-ல் ஒரு கல்விப் பத்திரிகையில் சவாலாகவே போட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் பதில் எழுதினார். பாதிரியார்தான், ஆனா கணக்கில் புலி. ரெண்டு பேரும் சேர்ந்து போட்டதுதான் 'கால்டன்-வாட்சன் பிராசஸ்'. இன்றைக்கு அணு உலைக்குள் நியூட்ரான் பெருகுவதைக் கணக்குப் போடவும் இதே வகை ஃபார்முலாதான். பிராபபிலிட்டி பேப்பரைப் பார்த்து 'இதெல்லாம் எதுக்குடா'ன்னு புலம்பின மக்களே, இதோ இதுக்குத்தான்!

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரே சமயத்தில் 100 ஆண்கள், 100 வேறு வேறு பேர்கள். ஒவ்வொருத்தருக்கும் சராசரியாக ஒரு மகன். சராசரிதான், சிலருக்கு மூணு, சிலருக்கு ஒண்ணுமே இல்லை. பெண் குழந்தைகள் பிறந்தால் அந்தக் காலத்து வழக்கப்படி கல்யாணத்தில் பேர் மாறிவிடும், அதனால் கணக்கில் வராது. (கணக்கே அநியாயமாத்தான் இருக்கு, என்ன செய்ய!) மகன்களின் எண்ணிக்கை பாய்சான் டிஸ்ட்ரிபியூஷன்படி வருகிறது என்று வைத்துக்கொண்டு கால்குலேட்டரைத் தட்டினேன். முதல் தலைமுறையிலேயே 37 பேர்கள் அவுட்! ரெண்டாவது முடிவில் 53. பத்தாவது தலைமுறையில் 84. இருபதாவதில் 91.

இருபது தலைமுறை என்றால் தோராயமாக அறுநூறு வருஷம். அதாவது இங்கிலாந்தில் பேர்கள் நிலைத்த காலத்திலிருந்து இன்றுவரை. நூற்றுக்கு ஒன்பதுதான் மிச்சம்! யாரும் சதி செய்யவில்லை, சண்டை போடவில்லை, வெறும் அதிர்ஷ்டம். நிஜத்தில் 1348-49-ல் பிளேக் வந்து இங்கிலாந்தின் ஜனத்தொகையில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனது, பிற்பாடு ஜனத்தொகை எகிறியது, அதெல்லாம் சேர்த்தால் நம்பர் மாறும். வாட்சன்கூட அந்தக் கணக்கில் ஒரு இடத்தில் சறுக்கினார், எல்லாப் பேரும் கடைசியில் அழிந்தே தீரும்னு முடிவுக்கு வந்துவிட்டார். சராசரி ஒண்ணுக்கு மேலே போனா தப்பிக்க வழி இருக்குன்னு பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். அட்டன்பரோ அந்தத் தப்பித்த கோஷ்டி.

'நீங்க அவருக்கு சொந்தமா?'

இப்போ பயாலஜிக்கு வருவோம். இங்கிலாந்தில் குடும்பப் பேர் அப்பாவிடமிருந்து மகனுக்கு. ஒய் குரோமோசோமும் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும்தான். ரெண்டும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே ரூட்டில் போகின்றன. அப்படின்னா ஒரே பேர் உள்ள ரெண்டு பேரின் ஒய் குரோமோசோமைப் பார்த்தால் ஒரே தாத்தாவா இல்லையான்னு தெரிஞ்சிடுமே?

இதை முதலில் உருப்படியாகச் செய்து பார்த்தவர் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பிரையன் சைக்ஸ். கிளாக்ஸோ மருந்து கம்பெனியில் லெக்சர் கொடுக்கப் போயிருக்கிறார். அந்தக் கம்பெனியின் தலைவர் பேர் ரிச்சர்ட் சைக்ஸ். 'நீங்க எங்க பாஸுக்கு சொந்தமா?'ன்னு கேள்வி வந்தது. நம்மாளுங்களா இருந்தா 'ஆமா, தூரத்து சொந்தம்'னு சொல்லி ஒரு வேலையைத் தேத்தியிருப்போம். அவர் விஞ்ஞானி ஆச்சே, டெஸ்ட் பண்ணிட்டார்! ரெண்டு பேருக்கும் ஒய் குரோமோசோம் பொருந்தியது. உடனே யார்க்ஷயர் பக்கத்து சைக்ஸ்களுக்கெல்லாம் கடிதம் போட்டு சாம்பிள் வாங்கினார். 2000-ல் ரிசல்ட் வந்தது. 48 பேரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு ஒரே முத்திரை. 'சைக்ஸ்' என்றால் ஓடை, வாய்க்கால் என்று அர்த்தம், அது ஊருக்கு ஊர் இருக்கும், பல பேர் தனித்தனியா வைத்திருப்பாங்கன்னு அதுவரை நினைத்திருந்தார்கள். ஒரே தாத்தாதான்னு டி.என்.ஏ. கைகாட்டியது.

அடுத்த பெரிய ஆய்வு நடந்தது லெஸ்டர் யூனிவர்சிட்டியில். டூரி கிங், மார்க் ஜோப்ளிங் ரெண்டு பேரும் 40 குடும்பப் பேர்களை எடுத்து, 1,678 ஆண்களின் ஒய் குரோமோசோமை அலசி, 2009-ல் வெளியிட்டார்கள். ஸ்மித்களைப் பார்த்தால் தெருவில் போகிற பத்து பேரைப் பிடித்துவந்த மாதிரி, ஆளுக்கொரு வகை. ஆனா அட்டன்பரோ? நூற்றுக்கு 87 பேருக்கு ஏறக்குறைய ஒரே ஒய் குரோமோசோம்! அந்தக் கிராமத்திலிருந்து மூட்டை கட்டிக் கிளம்பிய ஏதோ ஒரே ஒரு ஆள், அவன்தான் கிட்டத்தட்ட எல்லா அட்டன்பரோக்களுக்கும் கொள்ளுத்தாத்தாவின் கொள்ளுத்தாத்தாவின் கொள்ளுத்தாத்தா.

லெஸ்டர்னு சொன்னேன் இல்லையா? அதிலும் ஒரு ட்விஸ்ட். ரிச்சர்டும் டேவிட்டும் வளர்ந்ததே அந்த கேம்பஸில்தான்! அப்பா ஃபிரெடரிக் 1932-லிருந்து 1951 வரை அங்கே பிரின்சிபால். பழைய ஆங்கில அறிஞர் வேறு, அந்தக் காலத்து ராஜாக்களின் சட்டங்களை 1922-ல் புத்தகமாகவே தொகுத்திருக்கிறார். அதாவது தன் குடும்பப் பேர் எந்த மொழியில் பிறந்ததோ, அந்த மொழியிலேயே எக்ஸ்பர்ட். அவர் பேரில் அங்கே 18 மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. மெக்கானிக்கல் மக்களுக்கு ஒரு தகவல்: அந்தக் கட்டடத்தில் பல வருஷம் கதவே இல்லாத, நிற்கவே நிற்காத லிஃப்ட் ஓடியது. சங்கிலியில் கோத்த பெட்டிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது போல ஏறணும், இறங்கணும். நம்ம பசங்களுக்கு டிரெயினிங்கே தேவைப்பட்டிருக்காது!

மிச்சம் 13 பேர் யாரு?

கேட்டீங்களா இதை? நானும் முதலில் இதைத்தான் யோசித்தேன். நம்ம ஊர் சீரியல் புத்தி, உடனே தப்பான இடத்துக்குத்தான் போகும். ஆனா காரணம் பலவிதம். தத்துப் பிள்ளைக்கு அப்பா பேர் வந்திருக்கலாம், ஒய் குரோமோசோம் வராது. விதவையைக் கல்யாணம் செய்தவர், அவள் பிள்ளைக்கும் தன் பேரைக் கொடுத்திருக்கலாம். கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளைக்கு அம்மா பேர் போயிருக்கலாம். சொத்துக்காக மாமனார் பேரை மாட்டிக்கொண்ட மாப்பிள்ளைகளும் உண்டு. ஆமா, சந்தேகப்படும் காரணமும் உண்டு. எல்லாம் சேர்த்தே தலைமுறைக்கு 1 முதல் 4.5 சதவிகிதம்தான் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. நூற்றுக்கு ஒண்ணு வீதம் ஒழுகினாலே இருபது தலைமுறையில் மிஞ்சுவது 82. அந்தக் கணக்கில் அட்டன்பரோ 87 எடுத்தது டிஸ்டிங்ஷன்!

ராஜ குடும்பமே இந்தப் பரீட்சையில் ஃபெயில். 2012-ல் லெஸ்டரில் ஒரு கார் பார்க்கிங்குக்கு அடியில் எலும்புக்கூடு கிடைத்தது. 1485-ல் போரில் செத்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னர். டி.என்.ஏ. ஆய்வை நடத்தியவர் அதே டூரி கிங். அம்மா வழி டி.என்.ஏ. இன்றைய வாரிசுகளோடு பக்காவாகப் பொருந்தியது. அப்பா வழி? குடும்ப மரத்தின்படி ஆண் வழி உறவினர்களான அஞ்சு பேரை டெஸ்ட் பண்ணினார்கள். ஒருத்தருக்கும் பொருந்தவில்லை. அந்த அஞ்சு பேரிலேயே ஒருத்தர், மற்ற நாலு பேரோடு ஒட்டவில்லை! நடுவில் எங்கேயோ சங்கிலி அறுந்திருக்கிறது. 2014-ல் இதை வெளியிட்டபோது லண்டன் பத்திரிகைகளுக்குத் தீபாவளி.

இதையெல்லாம் ஜாலியா படிக்கலாம். ஆனா, டெஸ்டுக்கு எச்சில் கொடுத்த ஒரு சாதாரண ஆளுக்கு? 2007-ல் வெளியான இன்னொரு லெஸ்டர் ஆய்வு. கிழக்கு யார்க்ஷயரைச் சேர்ந்த ஒரு அரிய குடும்பப் பேர், அது என்னன்னு இங்கே வேண்டாம். அந்தப் பேருள்ள ஒருத்தர், தோற்றத்திலும் நினைப்பிலும் அசல் யார்க்ஷயர் வெள்ளைக்காரர். அவருடைய ஒய் குரோமோசோம் ஏ-1 என்ற வகை. அது மேற்கு ஆப்பிரிக்காவில், அங்கேயும் அபூர்வமாகத்தான் காணப்படுவது! அதே பேருள்ள 18 பேரைச் சோதித்தால் ஏழு பேருக்கு அதே ஆப்பிரிக்க முத்திரை. அவர்களின் குடும்ப வரலாற்றைத் தோண்டினால் 1780-களின் யார்க்ஷயரில் இரண்டு கிளைகளாகப் போய் நிற்கிறது. அதற்கும் முன்னால் ஒரு ஆப்பிரிக்கத் தாத்தா அங்கே வாழ்ந்திருக்கிறார். அடிமை வியாபாரத்தில் வந்தவரா, அல்லது ரோமானியப் படையோடு ஹேட்ரியன் சுவரைக் காவல் காக்க வந்த ஆப்பிரிக்க வீரர்களின் வழியா, ரெண்டுக்குமே வாய்ப்பு உண்டு.

நினைச்சுப் பாருங்க. 'நாங்க இந்த மண்ணின் மைந்தர்கள், வந்தேறிகள் வெளியே போ'ன்னு கோஷம் போடுற கூட்டத்தில் அந்தப் பேருள்ள யாராவது நின்றால், அவர் கையிலிருக்கிற அட்டையில் என்ன எழுதுவது?

பேரைச் சொல்லும் ரத்தம்

கொலைக்கேஸ்னு ஆரம்பத்தில் சொன்னேனே! டி.என்.ஏ. கைரேகை முறையை 1984-ல் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்ததும் இதே லெஸ்டர் யூனிவர்சிட்டியில்தான். 2006-ல் அங்கே இன்னொரு ஆய்வு. ஒரே குடும்பப் பேருள்ள 150 ஜோடி ஆண்களை, அதாவது ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவர்களை, ஒப்பிட்டார்கள். சுமார் நாலில் ஒரு ஜோடிக்குப் பொதுவான தாத்தா. அரிய பேர் என்றால் கிட்டத்தட்ட ரெண்டில் ஒண்ணு. அப்போ இதைத் திருப்பிப் போட்டால்? குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த ரத்தத்திலிருந்து குற்றவாளியின் குடும்பப் பேரையே போலீஸ் யூகிக்கலாமே! ஸ்மித்தை இப்படிப் பிடிக்க முடியாது. அட்டன்பரோ மாதிரி அரிய பேர்க்காரர்கள்தான் மாட்டுவார்கள். நம்ம கிளாஸில் 'கார்த்திக்'குகள் நாலு பேர் இருந்தா பிராக்ஸி தப்பிக்கும், அபூர்வமான பேர் வச்சவன் தும்மினாலும் மாட்டுவான், அந்தக் கதைதான்.

போலீஸுக்கு மட்டும்தான் இந்த வித்தை தெரியும்னு நினைக்காதீங்க. 2013-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர், பேர் நீக்கி வெளியிட்ட டி.என்.ஏ. விவரங்களை எடுத்து, குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கான பொது இணையதளங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குடும்பப் பேர் வந்துவிட்டது. அதோடு வயது, மாநிலம் சேர்த்தால் ஆளே வந்துவிட்டார்! அமெரிக்க வெள்ளையின ஆண்களில் சுமார் 12 சதவிகிதம் பேரின் குடும்பப் பேரை இப்படிக் கண்டுபிடிக்க முடியும் என்பது அவர்கள் கணக்கு. இதில் வேடிக்கை, நீங்க எச்சில் கொடுக்கவே வேண்டாம். உங்க சித்தப்பா பையன் ஆசையா டெஸ்ட் எடுத்துப் போட்டாலே போதும்.

நம்மிடம் இந்தப் பருப்பு வேகாது. பெரும்பாலும் நம்ம இனிஷியல் ஒரு தலைமுறைதான் தாங்கும். பழைய ஆட்கள் ஊரையும் சேர்த்துப் போட்டார்கள். சி.என். அண்ணாதுரையில் 'சி' காஞ்சிபுரத்தின் இங்கிலீஷ் ஸ்பெல்லிங், 'என்' நடராஜன். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 'எம்' மதுரை, 'எஸ்' அம்மா சண்முகவடிவு. எந்த ஒய் குரோமோசோமை வைத்து இதைப் பிடிப்பாங்க?

ஆனா பாஸ்போர்ட் ஃபார்மில் 'சர்நேம்' கட்டம் வந்ததும் நம்ம சீனியர்கள் முழித்ததைப் பார்த்திருப்பீங்க. எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனவர், அப்பா பேரையோ ஊர்ப் பேரையோ அந்தக் கட்டத்தில் நிரப்பினார். இல்லையென்றால் அவருடைய சொந்தப் பேரே அங்கே பிறந்த பிள்ளைக்குக் குடும்பப் பேராகிவிட்டது. அது பேரனுக்கும் போகும். டெக்சாஸில் எங்கேயோ ஒரு ஸ்கூலில், உலகத்திலேயே ஒரே ஒரு குடும்பத்துக்கு மட்டும் இருக்கிற 'முத்துப்பேச்சி' என்றோ 'உசிலம்பட்டி' என்றோ ஒரு பேரை டீச்சர் அட்டெண்டன்ஸில் தட்டுத்தடுமாறிப் படித்துக்கொண்டிருக்கலாம். ஸ்பெல்லிங் எப்படியும் ரெண்டு தலைமுறையில் மாறிவிடும்!